உலகம் முழுக்க ஒரே கணினி அமைப்பா, நாட்டுக்கு ஒன்றா?

1997-இல் நெஸ்லேயின் அமெரிக்கக் கிளையில் கொள்முதல் கணக்கைக் கிளறியபோது ஒரு சங்கதி வெளிவந்தது. ஒரே வியாபாரியிடம் வாங்கும் ஒரே வெனிலாவுக்கு அந்த நிறுவனத்தின் பிரிவுகள் 29 விதமான விலை கொடுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனியாக வாங்கியது. வெனிலாவுக்குத் தன் இஷ்டப்படி ஒரு குறியீட்டு எண்ணும் வைத்துக்கொண்டது. வியாபாரியும் யாரிடம் எவ்வளவு தேறுமோ அவ்வளவு வாங்கிக்கொண்டார். இந்தப் பிரிவின் கணினியில் இருக்கும் எண்ணும் பக்கத்துப் பிரிவின் எண்ணும் ஒரே சரக்கைத்தான் குறிக்கின்றன என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

பன்னாட்டு நிறுவனங்களைத் தகவல் தொழில்நுட்பம் எப்படி மாற்றியது என்ற பேச்சு வந்தால் வேகம், இணைப்பு, செலவுக் குறைப்பு என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உள்ளே இருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது ஒரே கேள்வியாக வந்து நிற்கும். எல்லா நாட்டுக் கிளைகளையும் ஒரே ஈஆர்பி அமைப்புக்குள் (கொள்முதல், கிடங்கு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து நடத்தும் மென்பொருள்) கொண்டுவருவதா? ஒவ்வொரு நாடும் தன்னுடையதை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா? தலைமையகத்துக்குப் பெரியது ஒன்று, கிளைகளுக்குச் சிறியவை என்று இரண்டடுக்காக வைப்பதா? சென்னையில் இந்த அமைப்புகளைக் கிளை கிளையாக நிறுவும் ரோல்-அவுட் வேலையில் இருப்பவர்கள் இதன் விளைவுகளைத் தினமும் பார்க்கிறார்கள். ஓசூரிலிருந்தும் கோவையிலிருந்தும் கிளம்பி வெளிநாட்டில் ஆலை திறக்கும் நிறுவனங்கள் இந்த முடிவைத் தாங்களே எடுக்க வேண்டியிருக்கிறது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருட்களின் எண், சப்ளையர்களின் பட்டியல், கணக்குத் தலைப்புகள் ஆகியவை உலகம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். வரியும் சம்பளமும் வாடிக்கையாளரின் சொந்த விவரங்களும் அந்தந்த நாட்டின் கையில் இருக்க வேண்டும். எத்தனை மென்பொருள் என்பது அதற்குப் பிறகு வர வேண்டிய கேள்வி. பெரும்பாலான நிறுவனங்கள் அதை முதலில் எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கின்றன.

எல்லோருக்கும் ஒன்று

நெஸ்லே தேர்ந்தெடுத்தது இதைத்தான். 2000 ஜூனில், ஈஆர்பி மென்பொருள் விற்கும் எஸ்.ஏ.பி. நிறுவனத்தோடு 20 கோடி டாலர் ஒப்பந்தம். ஆலோசனைக்கும் பராமரிப்புக்கும் மேலும் 8 கோடி. குளோப் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை ஒவ்வொரு நாட்டுத் தலைவரும் தன் நாட்டின் நிறுவனத்தைக் கிட்டத்தட்டத் தனி ராஜ்ஜியமாக நடத்திவந்தார். குளோப் அந்த ராஜ்ஜியங்களின் கணினிகளோடு சேர்த்து வேலை செய்யும் முறைகளையும் ஒன்றாக்கப் பார்த்தது.

இந்த வழியின் லாபம் உண்மையானது. வெனிலா ஒரே எண்ணுக்குள் வந்துவிட்டால் மொத்தமாகப் பேரம் பேசலாம். ஒரு நாட்டில் சரக்கு தேங்கிக் கிடப்பதும் பக்கத்து நாட்டில் அதற்குத் தட்டுப்பாடு இருப்பதும் ஒரே திரையில் தெரியும். மாதக் கணக்கை முடிக்கப் பத்து நாட்டுக் கோப்புகளை எக்செலில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஆனால் அங்கே போய்ச் சேரும் பாதை கரடுமுரடானது. குளோபுக்கு முன்பே நெஸ்லேயின் அமெரிக்கக் கிளை இதே மாதிரி ஒரு திட்டத்தைத் தன்னளவில் தொடங்கியிருந்தது. 2000-ஆம் ஆண்டு கணினித் தேதிப் பிரச்சினை நெருங்கிக்கொண்டிருந்ததால் அவசரம். புதிய அமைப்பில் நேரடியாக உட்காரப் போகிறவர்கள் வடிவமைப்புக் குழுவிலேயே இல்லை. தேவையைக் கணித்துச் சொல்லும் பிரிவில் 77 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். பல இடங்களில் பகுதி பகுதியாக மென்பொருளை ஏற்றினார்களே தவிர, பகுதிகள் ஒன்றோடொன்று பேசவில்லை. விற்பனைப் பிரதிநிதி ஒரு கடைக்குத் தள்ளுபடி கொடுத்துப் பதிவு செய்வார். வசூல் பிரிவின் திரைக்கு அது வராது. கடைக்காரர் தள்ளுபடி போகச் சரியான தொகையைக் கட்டியிருப்பார். வசூல் பிரிவு அவரைப் பாக்கிக்காரர் என்று காட்டும். 2000-இல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வேலை நடக்கும் முறையை முதலில் வரைந்துகொண்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

நெஸ்லே கடைசியில் கரையேறியது. லிடில் ஏறவில்லை. ஐரோப்பா முழுக்க மலிவுக் கடைகள் நடத்தும் இந்த ஜெர்மன் நிறுவனம் 2011-இல் எஸ்.ஏ.பி.க்கு மாறும் திட்டத்தைத் தொடங்கி, ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018 ஜூலையில் கைவிட்டது. பரவலாகச் சொல்லப்பட்ட காரணம் மிகச் சாதாரணமாகத் தெரியும். லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும். அந்த மென்பொருளோ சில்லறை விலையில் மதிப்பிடும்படி அமைந்தது. லிடில் தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை, மென்பொருளைத்தான் வளைத்தது. ஒரு இடத்தில் வளைத்தால் அதைத் தொட்டு நிற்கும் பத்து இடங்களை வளைக்க வேண்டும். அடுத்த பதிப்பு வரும்போது அத்தனையையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரே அமைப்பு வேண்டும் என்பவர்கள் தங்கள் பழக்கங்களில் எதை விடத் தயார் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் இந்த வழி அவர்களுக்கு இல்லை.

தாய்நாட்டில் நன்றாக ஓடுவதை அப்படியே இன்னொரு நாட்டில் பொருத்துவது இதன் இன்னொரு வடிவம். ஸ்பெயினின் சபடெல் வங்கி 2015-இல் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கியை வாங்கியது. அதுவரை டி.எஸ்.பி. தன் பழைய உரிமையாளரான லாயிட்ஸ் வங்கியின் கணினிகளில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாடகையை மிச்சப்படுத்த, சபடெல் தன் சொந்தத் தளத்தின் பிரிட்டன் பதிப்பை உருவாக்கி, 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மொத்த வாடிக்கையாளர்களையும் ஒரே மூச்சில் மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். வேறு யாருடைய கணக்கோ தன் திரையில் தெரிவதாகச் சிலர் புகார் சொன்னார்கள். வங்கிக்கு ஏற்பட்ட செலவு 33 கோடி பவுண்டு. தலைமை நிர்வாகி அந்தச் செப்டம்பரில் பதவி விலகினார். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.86 கோடி பவுண்டு அபராதம் போட்டன. கிளை கிளையாக, சிறு கூட்டம் சிறு கூட்டமாக மாற்றியிருந்தால் இத்தனை பேர் ஒரே நாளில் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

இனி நம் பக்கத்து உதாரணம் ஒன்று. ஒரகடம் பக்கம் ஒரு வெளிநாட்டு உதிரிபாக ஆலை, பெயர் வேண்டாம். சர்வர் ஐரோப்பாவில். அங்கே சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பராமரிப்புக்காக அமைப்பை நிறுத்துவார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திரும்ப வரும். அவர்களுக்கு அது யாரும் வேலை செய்யாத நேரம். நமக்கு அது ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணியிலிருந்து பகல் பதினொன்றரை வரை. மாதக் கடைசி ஞாயிறு என்றால் லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கும். இன்வாய்ஸ் போட்டு, அரசின் தளத்துக்கு அனுப்பி, 64 எழுத்து கொண்ட ஐ.ஆர்.என். என்ற இன்வாய்ஸ் பதிவு எண்ணும் கியூஆர் கோடும் வாங்கி, சரக்கு வண்டிக்கான இ-வே பில் எடுத்தால்தான் வண்டி நகரும். அமைப்பு நின்றிருந்தால் முதல் படியிலேயே எல்லாம் நின்றுவிடும். டிரைவர் கேபினில் தூங்குவார். டிஸ்பாட்ச் கிளார்க் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் தட்டிக்கொண்டிருப்பார். சரக்கை எதிர்பார்த்திருக்கும் கார் ஆலையின் லைன் நின்றால் அபராதம் யார் தலையில் என்று மேலாளர்கள் போனில் கத்திக்கொண்டிருப்பார்கள். இதை ஐரோப்பாவில் இருப்பவரிடம் விளக்கினால், கையால் பில் எழுதி அனுப்பக் கூடாதா என்று கேட்பார். இந்தியாவில் 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுவரவு உள்ளவர்களுக்கும், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் மின் இன்வாய்ஸ் கட்டாயம். சட்டத்தின் கண்ணில் ஐ.ஆர்.என். இல்லாத பில் பில்லே இல்லை.

ஒரே அமைப்புக்குப் போகிறவர்கள் இந்தப் பராமரிப்பு நேரத்தை ஒப்பந்தத்திலேயே பேசித் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு இன்ஸ்டன்ஸ், அதாவது அதே அமைப்பின் தனியாக ஓடும் ஒரு பிரதி, என்று பிரித்து வைப்பது இதற்கு ஓரளவு பதில். பில்லை உள்ளூரில் வரிசையில் நிறுத்தி அனுப்பும் சிறு அமைப்பு ஒன்றையும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாட்டுக்கு ஒன்று

இந்த வழியைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கடந்த பத்தாண்டுச் சட்டங்களைப் பார்த்தால் அப்படி ஒதுக்க முடியாது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. இந்தியாவில் நடக்கும் பணப்பரிமாற்றத் தரவை இந்தியாவில் மட்டுமே சேமிக்க வேண்டும், ஆறு மாதத்தில். உலகத்துக்கே ஒரு சில தரவு மையங்களை வைத்து ஓடிய கார்டு நிறுவனங்களுக்கு அது அடித்தளத்தையே கேள்வி கேட்ட உத்தரவு. அதைச் சரியாகச் செய்யவில்லை என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப் இரண்டுக்கும் 2021 மே 1 முதலும், மாஸ்டர்கார்டுக்கு 2021 ஜூலை 22 முதலும் இந்தியாவில் புது வாடிக்கையாளர் சேர்க்கத் தடை விழுந்தது. மாஸ்டர்கார்டுக்குத் தடை நீங்க 2022 ஜூன் ஆயிற்று. சீனாவில் 2017 ஜூனில் இணையப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, ஆப்பிள் தன் சீன வாடிக்கையாளர்களின் ஐகிளவுட் தரவை 2018 பிப்ரவரியில் குய்ச்சோவில் உள்ள ஒரு சீன நிறுவனத்தின் பொறுப்பில் விட்டது. ஐரோப்பியப் பயனர்களின் விவரங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக 2023 மே மாதம் மெட்டாவுக்கு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த அபராதம் 120 கோடி யூரோ.

வங்கி, காப்பீடு, மருத்துவம், சமூக ஊடகம் என்று தனிமனிதர்களின் விவரத்தைக் கையாளும் நிறுவனத்துக்கு ஆகவே இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமே இல்லை. நட்டும் போல்ட்டும் விற்பவருக்கு அந்த அழுத்தம் குறைவு.

தனித்தனியாக இருப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் எம்.இ.டாக் என்ற உள்ளூர் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா என்ற வைரஸ் நுழைந்தது. ஒடெசா அலுவலகத்தில் ஒரு கணினியில் அந்த மென்பொருள் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. 76 துறைமுக முனையங்களில் 17-இல் வேலை முடங்கியது. அதில் மும்பை அருகே உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் ஒன்று. பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

அதில் ஒரு விவரம் எனக்கு மறக்கவே மறக்காது. நிறுவனத்தின் மொத்த நெட்வொர்க்குக்கும் யார் யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் டொமைன் கன்ட்ரோலர்கள் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒன்றின் நகலாக இன்னொன்று இருக்கும்படி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. தேடிப் பார்த்ததில் கானாவில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. அந்தக் கணினி நெட்வொர்க்கில் இல்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லாததால், ஒருவர் நைஜீரிய விமான நிலையம் வரை வந்து ஹார்டு டிஸ்க்கை இன்னொருவரிடம் கொடுக்க, அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

இதைச் சொல்லி, நாட்டுக்கு ஒன்று வைத்தால் பாதுகாப்பு என்று வாதிடுவார்கள். பாதிதான் சரி. மென்பொருள் தனித்தனியாக இருந்தும் நெட்வொர்க் ஒரே மைதானமாகத் திறந்து கிடந்தால் வைரஸுக்கு எல்லைக்கோடு தெரியாது. மென்பொருள் ஒன்றாக இருந்தும் நெட்வொர்க்கை அறை அறையாகத் தடுத்து, ஒரு நகலை எந்தக் கம்பியோடும் சேராமல் வைத்திருந்தால் தப்பிக்கலாம். நெட்வொர்க்கைப் பிரிப்பது எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் செய்ய வேண்டிய வேலை. அதற்கான தொகையை ஈஆர்பி பட்ஜெட்டுக்குள் ஒளித்து வைக்காமல் தனியாக ஒதுக்குங்கள்.

நாட்டுக்கு ஒன்று என்ற வழியின் பலவீனம் எங்கே தெரியும் என்றால், புது நாட்டில் கால் வைக்கும்போது. அமெரிக்காவின் டார்கெட் கடைகள் 2013 மார்ச்சில் கனடாவுக்குள் நுழைந்தன. அவர்களுடைய அமெரிக்க அமைப்பு பல வருடமாகச் செதுக்கப்பட்டது. ஆனால் கனடிய டாலரும் பிரெஞ்சு எழுத்துகளும் அதற்குத் தெரியாது. அதனால் கனடாவுக்குப் புதிதாக எஸ்.ஏ.பி. வைத்தார்கள். அமைப்பு கெட்டுப்போகவில்லை. அதற்குள் போட்ட விவரங்கள்தான் கெட்டுப்போயிருந்தன. பல்லாயிரம் பொருட்களின் அளவுகளை அவசர அவசரமாகக் கையால் உள்ளிட்டதில் அங்குலமும் சென்டிமீட்டரும் கலந்தன. நீளம் வர வேண்டிய கட்டத்தில் அகலம் வந்தது. கிடங்கில் சரக்கு பிதுங்கியது, கடையில் அலமாரி காலியாகக் கிடந்தது. அமெரிக்க அமைப்பில் 98, 99 சதவீதம் சரியாக இருந்த விவரங்கள் கனடாவில் 30 சதவீத அளவுக்குத்தான் சரியாக இருந்ததாக விசாரித்தவர்கள் எழுதினார்கள். 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். 17,600 பேருக்கு வேலை போனது. தலைமையகத்தில் சுத்தமாக இருந்த பொருள் பட்டியலை எடுத்து மாற்றித் தரும் பாலம் ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

இரண்டடுக்கு

தலைமையகத்தில் பெரிய அமைப்பு. ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாட்டு வரிச் சட்டத்துக்குப் பழகிய சிறிய அமைப்பு. நடுவில் குறிப்பிட்ட விவரங்கள் மட்டும் போய்வரும். பொருள் எண்ணும் சப்ளையர் எண்ணும் மேலிருந்து கீழே வரும். மாதக் கணக்கின் தொகுப்பும் இருப்பு விவரமும் கீழிருந்து மேலே போகும். ஜிஎஸ்டியில் ஒரு மாற்றம் வந்தால் சென்னைக் கிளை இரண்டு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். அதற்காக உலகக் குழுவின் ஒப்புதலுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

குறை இருக்கிறது. இரண்டு அமைப்பையும் இணைக்கும் நடு இன்டர்ஃபேஸ்தான் எப்போதும் உடையும் இடம். ஒரு கிளை இன்னொரு கிளைக்கு விற்கும் சரக்கு இரண்டு அமைப்பிலும் ஒரே மாதத்தில் ஒரே தொகையாக விழ வேண்டும். சரக்கு கடலில் இருக்கும்போது மாதம் முடிந்துவிட்டால், விற்ற கிளையில் வருமானம் ஏறியிருக்கும், வாங்கிய கிளையில் சரக்கு ஏறியிருக்காது. அந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் இரவு உட்கார வேண்டும். எந்த உள்ளூர்க் கணக்கு மேலே எந்தக் கணக்கோடு பொருந்தும் என்ற மேப்பிங் அட்டவணை பெரும்பாலும் ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் வேலையை விட்டால் அட்டவணையும் போய்விடும். இதற்குத் தீர்வு சுலபம், செலவும் குறைவு: பொருள், சப்ளையர், கணக்குத் தலைப்பு போன்ற அடிப்படைப் பட்டியல்களான மாஸ்டர் டேட்டாவுக்கென்று இரண்டு மூன்று பேர் கொண்ட நிரந்தரக் குழு. புதுப் பொருள் எண் திறக்கும் அதிகாரம் அவர்களுக்கு மட்டும். பல நிறுவனங்கள் மென்பொருளுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்துவிட்டு இந்த இரண்டு சம்பளத்தில் சிக்கனம் பார்ப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

யாருக்கு எது

எல்லா நாட்டிலும் ஒரே பொருளை ஒரே மாதிரி செய்து விற்கிற, முப்பது நாற்பது நாடுகளில் இருக்கிற, கிளைத் தலைவர்களைப் பகைத்துக்கொள்ளவும் துணிந்த நிறுவனம் என்றால் ஒரே அமைப்புக்குப் போகலாம். ஐந்தாறு வருடம் ஆகும் என்று இயக்குநர் குழு தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

தனிமனிதர் விவரம் கையாளும் தொழிலில் தரவை நாட்டுக்கு நாடு பிரித்துவிட்டு, மேலே எண்ணிக்கைகளை மட்டும் சேர்ப்பதே சரி.

மூன்று நான்கு நாடுகளில் ஆலை வைத்திருக்கும் ஒரு தமிழ்நாட்டு நிறுவனம் என்னைக் கேட்டால் இரண்டடுக்கைத்தான் சொல்வேன். வெளிநாட்டில் வாங்கிய நிறுவனத்தை முதல் வருடமே தன் அமைப்புக்குள் இழுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்வேன். 2008-இல் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியபோது, இடைக்காலத்துக்குத் தகவல் தொழில்நுட்ப உதவியை ஃபோர்டே தொடர்ந்து தருவதாக ஒப்பந்தம் இருந்தது. அப்படி ஒரு அவகாசத்தை விலை பேசும்போதே கேட்டு வாங்க வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். வருங்காலத்தில் ஒரு பிரிவை விற்கும் எண்ணம் இருந்தாலும் தனித்து நிற்கும் அமைப்புதான் கைகொடுக்கும்.

எதைத் தேர்ந்தாலும், புது அமைப்பு ஓடத் தொடங்கும் கோ-லைவ் தேதியில் ஏமாறாதீர்கள். ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலரில் புது அமைப்பை 1999 ஜூலையில் ஓடவிட்டது, திட்டமிட்டது ஏப்ரலில். அந்தத் தாமதம் நேராக, மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்களின் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் 10 கோடி டாலர் சரக்கை அனுப்ப முடியவில்லை. நம் கிளைகளுக்கு வேறு ஒரு சிக்கல். தலைமையகம் ஐரோப்பாவில் இருந்தால் ஜனவரி 1 என்று தேதி குறித்துவிடும். அவர்களுக்கு அது கணக்கு ஆண்டின் முதல் நாள். நமக்கு ஒன்பது மாதம் ஓடி முடிந்த நேரம். டிடிஎஸ், தேய்மானம், ஜிஎஸ்டி கிரெடிட் எல்லாவற்றையும் பாதியில் வெட்டிப் புது அமைப்பில் ஒட்ட வேண்டும். ஆடிட்டர் இரண்டு அமைப்பிலும் வவுச்சர் கேட்பார். ஏப்ரல் 1 கேளுங்கள். தரவில்லை என்றால் ஜூலை 1 அல்லது அக்டோபர் 1, காலாண்டின் தொடக்கமாகவாவது கேளுங்கள். அக்டோபர் என்றால் தீபாவளி ஆர்டர் உங்கள் தொழிலைத் தொடுமா என்று விற்பனைப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேதியை எழுத்தில் வாங்குங்கள்.